பேர் கேட்க முதல் சோறு: தெரிதா, பதிவேடு, என் அம்மா

உப்புவெளி நாலறை:

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி நாலு அறை வைத்து நடத்துகிறேன். பெரிய ஹோட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே மூன்று, கீழே ஒன்று, அம்மாவின் சமையல், ஒரு சோம்பேறி நாய், அவ்வளவுதான். சித்திரை கழிந்து புரட்டாதி வரைக்கும்தான் எங்களுக்குச் சீசன். பிறகு வாடைக்காற்று தொடங்கினால் புறாமலைத் தீவுக்குப் படகு போகாது, அறைகளில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்ப்பதே வேலையாகிவிடும்.

விஷயம் இதுதான். போன கார்த்திகையில் ஒரு நாள் நான் இரவு ரயிலில் கொழும்புக்குப் போயிருந்தேன். அன்று பதினொரு மணி போல, கொட்டுகிற மழையில், யாரோ படலையைத் தட்டியிருக்கிறார்கள். ஒரு ஆண், ஒரு பெண், நாலு வயது மதிக்கக்கூடிய ஒரு பிள்ளை, ஒரு பை. அடையாள அட்டை இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், அம்மா கேட்டதால் அல்ல. அம்மா துவாய் கொடுத்து, மிஞ்சியிருந்த சோற்றுக்கு ஒரு சொதி வைத்து, முட்டை பொரித்துக் கொடுத்துக் கீழறையைத் திறந்து விட்டிருக்கிறார். விடியப்புறம் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அம்மா காசு வாங்கவில்லை, பேரும் எழுதவில்லை.

நான் திரும்பி வந்து பார்த்தால் பதிவேட்டில் அந்தத் திகதிக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கீழறை விரிப்பு கொடியில் காய்கிறது. அம்மாவை ஏசிவிட்டேன். யார் எவர் என்று தெரியாமல், ஆம்பிளை இல்லாத வீட்டில், நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் நான் யாருக்கு என்ன பதில் சொல்வது என்று. அம்மா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "சாப்பிட முதல் ஆரும் பேர் கேப்பினமோ?"

இதைக் கொழும்பில் இருக்கும் ஒரு கூட்டாளியிடம் போனில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "உன்ர அம்மா தெரிதா படிச்சிருக்கிறா" என்றான். கம்பஸ் காலத்தில் அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதியின் கட்டுடைப்பு என்ற சொல்லை ஒரு சஞ்சிகையில் கண்டு பயந்து பக்கத்தைத் திருப்பியவன் நான். இங்கே படித்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தத் தத்துவத்தில் ஒரு பதிவேடும் ஒரு திறப்புக் கோர்வையும் வைத்திருக்கிறவனுக்கு உதவுகிற ஏதாவது இருக்கிறதா? சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்டது தெரிதா கேட்ட அதே கேள்வி.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ழாக் தெரிதாவைப் பிரெஞ்சுத் தத்துவவாதி என்கிறோம், ஆனால் அவர் பிறந்தது 1930இல் அல்ஜீரியாவில், ஒரு யூதக் குடும்பத்தில். அல்ஜீரிய யூதர்களுக்கு 1870இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 1940இல், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு அதைப் பறித்தது. 1942இல் பன்னிரண்டு வயதுப் பையனாகப் பள்ளிக்கூடம் போனவரை, யூதப் பிள்ளைகள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற கணக்கைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த ஊரிலேயே ஒரு நாள் காலையில் அந்நியன். இது தெரியாமல் அவருடைய விருந்தோம்பல் பேச்சுகளைப் படித்தால் வெறும் சொல் விளையாட்டு போலத்தான் தோன்றும்.

1996 தையில் பாரிசில் இரண்டு விரிவுரைகள் நடத்தினார், அடுத்த வருடம் நூலாக வந்தது. அதில் வருகிற கேள்வி, வந்தவனிடம் "உன் பேர் என்ன" என்று கேட்பதிலிருந்து விருந்தோம்பல் தொடங்குகிறதா, இல்லை கேட்காமல் விடுவதிலிருந்தா என்பது. பேர் கேட்பது அன்பாகவும் இருக்கலாம், விசாரணையாகவும் இருக்கலாம், வாசகம் ஒன்றுதான். போர்க்காலத்தில் வீட்டில் ஒரு இரவு யாராவது தங்கினால் போய்ப் பதிந்துவிட்டு வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர் சொல்வது சுருக்கமாக இது. நிபந்தனை இல்லாத விருந்தோம்பல் ஒன்று உண்டு: யார், எவர், எத்தனை நாள், திருப்பி என்ன தருவாய் என்று ஒன்றும் கேட்காமல் இடம் கொடுப்பது. அதற்குப் பக்கத்தில் விருந்தோம்பலின் சட்டங்கள் உண்டு: பேர், கடவுச்சீட்டு, எத்தனை இரவு, வாடகை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆனால் ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. சட்டமே இல்லாத வரவேற்பு வெறும் நல்லெண்ணமாகக் காற்றில் நிற்கும். அந்த முதலாவதன் நினைப்பே இல்லாத சட்டம் வெறும் கந்தோர் வேலை.

பிளேன்ரீ:

சேர், வாசிக்க நல்லாயிருக்கு. ஆனால் ஒரு கேள்வி. தெரிதாவின் வீட்டுக் கதவில் பூட்டு இருந்ததா, இல்லையா?

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

இருந்திருக்கும். அவரும் அதை மறைக்கவில்லை. வீடு என்று ஒன்று இருந்து, அது என்னுடையது என்று நான் சொல்ல முடிந்தால்தான் "வாங்கோ" என்று சொல்லவே முடியும். படலை இல்லாத வளவுக்கு யாரையும் வரவேற்க முடியாது, அது தெரு. ஆனால் "இது என் வீடு" என்று நான் அழுத்திச் சொல்லச் சொல்ல வந்தவர் கதிரையின் நுனியில்தான் உட்காருவார். அந்த இழுபறியைத்தான் மனிதர் பிடித்துக்கொள்கிறார்.

கட்டவிழ்ப்பு மாணவன்:

இந்த இழையில் ஒரு தவறான புரிதல் வரக்கூடும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். கட்டுடைப்பு என்பது இடித்துத் தள்ளுவது அல்ல. அதனால்தான் எனக்குக் கட்டவிழ்ப்பு என்ற மொழிபெயர்ப்பு பிடிக்கும். ஒரு பனுவலுக்குள் மேல் கீழ் என்று அடுக்கப்பட்டிருக்கும் எதிர்மைகள், பேச்சு/எழுத்து, உள்/வெளி, சொந்தம்/அந்நியம், இவை தம் சொந்தச் சொற்களாலேயே குலைவதைக் காட்டுவது. பிளேட்டோ எழுத்தை ஒரு மருந்து என்கிறார், அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே நஞ்சு என்றும் பொருள். எந்த மொழிபெயர்ப்பாளர் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்தாலும் மற்றது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தோம்பலிலும் அதையேதான் செய்கிறார். லத்தீனில் ஹோஸ்டிஸ் என்ற சொல் முதலில் அந்நியன், பிறகு பகைவன். விருந்தாளி என்ற சொல்லும் பகைமை என்ற சொல்லும் ஒரே வேரில் நிற்கின்றன. இரண்டையும் ஒட்டிப் புதுச் சொல்லே செய்தார். பிரெஞ்சில் இன்னும் வேடிக்கை, விருந்து கொடுப்பவருக்கும் வருபவருக்கும் ஓத் என்ற ஒரே சொல்தான். ஆக உபசரிப்பவர்/உபசரிக்கப்படுபவர் என்ற எதிர்மையின் நிலைகுலைவு

பிளேன்ரீ:

தம்பி மூச்சு விடு.

உப்புவெளி நாலறை:

இல்லை, விடுங்கள், எனக்கு இது விளங்குகிறது. பிரெஞ்சுச் சோடி ஒன்று இங்கே மூன்று கிழமை நின்றார்கள். இரண்டாம் கிழமையில் குசினியில் அம்மாவுக்கு வெங்காயம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் விறாந்தையில் உட்கார்ந்து அவர்கள் போட்ட கோப்பி குடித்தேன். யார் விருந்தாளி என்று எனக்கே குழம்பிவிட்டது.

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

மாணவன் தம்பி லத்தீனுக்குப் போய்விட்டார், நான் வீட்டுக்குள்ளேயே தேடினேன். தமிழில் விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியம் செய்யுளியலில் விருந்து என்பதைப் புதிதாகச் செய்யப்படும் யாப்பு என்றுதான் சொல்கிறது. அங்கிருந்து புதிதாக வருகிற ஆள், அந்த ஆளுக்குப் போடுகிற சாப்பாடு, இரண்டுக்கும் ஒரே சொல். பிரெஞ்சுக்காரனுக்கு விருந்தாளியும் வீட்டுக்காரனும் ஒரு சொல் என்றால் எங்களுக்கு விருந்தாளியும் சோறும் ஒரு சொல். வள்ளுவர் இல்வாழ்வான் ஓம்ப வேண்டியவர்களை எண்ணும்போது விருந்து, ஒக்கல் என்று தனித்தனியாக வைக்கிறார். ஒக்கல் சொந்தக்காரர். மாமா வந்தால் கோழி அடிப்பதற்குப் பேர் விருந்தோம்பல் அல்ல, அது கடன் தீர்ப்பது. அறிமுகமே இல்லாதவன் வந்தால்தான் விருந்து.

அதிதி என்ற வடசொல்லையும் பாருங்கள். திதி இல்லாதவன், நாள் குறிக்காமல் வருகிறவன் என்று விளக்குவார்கள். தெரிதா அழைப்பு வேறு, வருகை வேறு என்று பிரிக்கிறார். அழைத்தவனை வரவேற்பது பெரிய வேலை இல்லை, எதிர்பாராமல் வந்து நிற்பவனிடம்தான் சோதனை. முன்பதிவுத் தளத்தில் இருந்து வருகிற ஆள் வர முதலே திதி, நேரம், நட்சத்திரம் எல்லாம் கொடுத்துவிட்டுத்தானே வருகிறார்.

உப்புவெளி நாலறை:

நட்சத்திரம் அவர் கொடுப்பதில்லை சேர், போகும்போது எங்களுக்குக் கொடுப்பார். போன சீசனில் ஒருவர் இரண்டே இரண்டு கொடுத்துவிட்டுப் போனார், சேவல் கூவுகிறதாம்.

குறிஞ்சாக்கேணித் தாத்தா:

(தாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா, தெரியாதவர்கள் என்னைக் கிழவனாக்கிவிட வேண்டாம்.)

எல்லா அண்ணன்மாரும் நல்லாகத்தான் எழுதுகிறீர்கள். எனக்கு ஒரே கேள்வி. அந்த இரவு பதினொரு மணிக்குச் சொதி வைத்தது யார்? நிபந்தனையில்லாத விருந்தோம்பல் என்று பாரிசில் ஒருவர் பேசலாம், திருகோணமலையில் ஒருவர் அதை எழுதலாம், அடுப்பை மூட்டுகிறது எப்போதும் ஒரு பெண். நற்றிணை போன்ற பழைய பாட்டுகளை எடுத்தால் பெண்ணைத்தான் விருந்து கண்டு முகம் மலர்கிறவள் என்று புகழ்ந்திருப்பார்கள், நடுச்சாமத்தில் வந்தாலும் மலர வேண்டும். அவள் களைத்திருந்தாளா என்று யாரும் எழுதியதாக நான் படிக்கவில்லை.

எங்கள் மார்க்கத்தில் இப்ராஹீம் நபியின் கதை இருக்கிறது. முன்பின் தெரியாத ஆட்கள் வந்து சலாம் சொல்கிறார்கள், அவர் சத்தமில்லாமல் வீட்டுக்குள் போய்க் கொழுத்த கன்றைப் பொரித்துக் கொண்டுவந்து வைக்கிறார். பேர் கேட்கவில்லை. அவர்கள் கை வைக்கவில்லை என்றதும்தான் மனதுக்குள் பயம் வருகிறது. சின்னப் பிள்ளையில் கேட்ட கதை, ஆனால் இந்த இழையைப் படிக்கும்போதுதான் அந்தப் பயம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. பேர் தெரியாதது பயம் இல்லை, சாப்பிடாததுதான் பயம். வந்தவர்கள் மலக்குகள், அதாவது வானவர்கள். அவர்கள்தான் பிறகு லூத் நபி வீட்டுக்குப் போகிறார்கள், அங்கே ஊர் திரண்டு வந்து விருந்தாளிகளைக் கேட்கிறது, அவர் தன் மகள்மாரைக் காட்டுகிறார். அந்த இடத்துக்கு உலமாக்கள் வேறு விளக்கம் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் தெரிதா அதைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கிறாரா?

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

சொல்லியிருக்கிறார் தங்கச்சி. அந்த விரிவுரையை முடிப்பதே அங்கேதான். லோத்தின் கதை (பைபிளில் லூத் நபியின் பேர் அது), பிறகு நியாயாதிபதிகள் ஆகமம் 19ஆம் அதிகாரத்தில் வருகிற அதைவிடக் கொடுமையான கதை. விருந்தாளியைக் காப்பாற்ற, அவன் கூட்டிவந்த பெண்ணையே வெளியே தள்ளுகிற கதை. இந்த மரபின் வாரிசுகளா நாங்கள் என்று கேட்கிறார். எங்களிடமும் இருக்கிறது, இயற்பகை நாயனார். சிவனடியார் கேட்டார் என்று மனைவியைக் கொடுத்துவிட்டு, ஊர் மறித்தபோது வாளோடு காவல் போனவர். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்தேன், அந்தக் கதையைப் படிப்பிக்கும்போது பின்வாங்கில் இருந்த பெண் பிள்ளைகளின் முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

பிளேன்ரீ:

நாயனார்மார் வந்துவிட்டார்கள், இனி நானும் பேசலாம். மெய்ப்பொருள் நாயனாரை ஏன் யாரும் எடுக்கவில்லை? பகைவன் முத்தநாதன் நீறு பூசி வேடம் போட்டு வருகிறான், காவல்காரன் தத்தனைத் தவிர யாரும் சந்தேகப்படவில்லை, உள்ளே போய் ஆகமம் சொல்லித் தருகிறேன் என்று புத்தகக் கட்டை அவிழ்த்து அதற்குள் இருந்த கத்தியை எடுத்துக் குத்துகிறான். மாணவன் தம்பி, கட்டவிழ்ப்பு என்றால் அதுதான்.

கோணேசர் கோயிலுக்கு நடந்ததாக ஊரில் சொல்கிற கதையும் அப்படித்தானே. 1622 சித்திரை வருடப்பிறப்பு, சுவாமி ஊர்வலம் போன நேரம், போர்த்துக்கேயர் ஐயர்மார் வேடத்தில் உள்ளே போனார்கள் என்று அப்பாச்சி சொல்லுவா. கோயிலை உடைத்த கல்லில்தான் கோட்டை கட்டினார்கள், இன்றைக்கும் அந்தக் கோட்டை வாசலால்தான் மான்களைப் பார்த்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம். இந்த ஊரில் இருந்துகொண்டு கேள்வி கேட்காமல் கதவைத் திற என்றால், சேர், எனக்கு ஏறாது. அண்ணையின் அம்மா அதிர்ஷ்டசாலி, அவ்வளவுதான்.

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

நீர் சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை, தெரிதாவுக்கும் இல்லை. வருகிறவன் வீட்டையே அழிக்கக்கூடும் என்பது கழிந்தால் அது நிபந்தனையில்லாத வரவேற்பே அல்ல என்கிறார், அதனால்தான் அதை ஒரு சட்டமாகவோ கொள்கையாகவோ போட முடியாது என்றும் சொல்கிறார். ஆனால் மெய்ப்பொருளாரின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர். குத்துப்பட்டு விழும்போது, வெட்ட ஓங்கிய தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர் என்று சொல்லி, ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். சேக்கிழார் அந்தக் கதையைச் சொன்னது கத்திக்காகவா, வழிக்காவலுக்காகவா? எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

கட்டவிழ்ப்பு மாணவன்:

ஒன்று மட்டும், இந்த முறை சுருக்கமாக. அந்த விருந்தோம்பல் நூலில் ஒரு பக்கம் தெரிதாவின் விரிவுரை, எதிர்ப்பக்கம் ஆன் துஃபூர்மாந்தெல் என்ற தத்துவவாதி அவருக்கு விடுத்த அழைப்பு. ஒருவர் பேச்சுக்கு மற்றவர் இடம் விட்டு இரண்டும் கூடவே ஓடும். துஃபூர்மாந்தெல் ஆபத்தை ஏற்றுக்கொள்வதைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர். 2017 ஆடியில் பிரான்சின் தென்கரையில் அலையில் அகப்பட்ட இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றக் கடலில் இறங்கி இறந்துபோனார். பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். தத்துவத்துக்கும் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் நான் இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

மண்டபம் 2006:

பல நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். முதல் பதிவு. நீங்கள் எல்லோரும் கதவுக்கு உள்ளே நின்று பேசுகிறீர்கள், நான் வெளியே நின்றவன்.

2006இல் எங்களுக்கு மூதூர்ப் பக்கம் இருக்க முடியாமல் போனது. மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகில், இரவில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர் போய்விட்டார். எனக்குப் பத்து வயது. விடியும் மட்டும் அம்மா என் காதைப் பொத்திக்கொண்டிருந்தார், ஏன் என்று இன்றைக்கும் கேட்டதில்லை. பிறகு தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாம். அங்கே பேர் கேட்டார்கள், அப்பா பேர், ஊர், எத்தனை பேர், எதற்காக வந்தீர்கள், திரும்பவும் பேர். தவறு என்று சொல்லவில்லை. சோறு போட்டார்கள், பள்ளிக்கூடம் விட்டார்கள். ஆனால் வருடக்கணக்காகக் கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்று "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் நாங்கள் விருந்தாளி இல்லை, எண்ணிக்கை என்று பிள்ளைக்கே விளங்கிவிடும். பக்கத்துத் தெருவில் ஒரு ஆச்சி இருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டு "நீங்க மலையாளமா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையில் முறுக்கைத் திணித்தார். அந்த முறுக்கு மட்டும்தான் எனக்கு விருந்து.

தமிழ்நாட்டில் அகதிக்கு ஏதிலி என்றும் எழுதுவார்கள். பழைய அகராதியில் ஏதிலார் என்றால் அயலார், பகைவர் என்றும் பொருள் போட்டிருக்கிறது. மாணவன் அண்ணா, லத்தீன் வரைக்கும் போகத் தேவையில்லை.

இன்னொன்று. 2024 மார்கழியில் ரோஹிஞ்சா ஆட்களின் படகு ஒன்று முல்லைத்தீவுக் கடலில் ஒதுங்கி, நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் திருகோணமலைக்குத்தான் கொண்டுவந்தார்கள், சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்காத நாடு. சட்டப்படி அவர்கள் விருந்தாளியும் இல்லை, அகதியும் இல்லை. ஆனால் ஊர் ஆட்கள் சாப்பாடும் உடுப்பும் கொண்டு ஓடினார்கள். யாரும் பேர் கேட்கவில்லை, கேட்டாலும் மொழி விளங்கியிராது. பிறகு அவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள், எத்தனை நாள், எந்தச் சட்டம் என்பதெல்லாம் சேர் சொன்ன இரண்டாவது பக்கம்.

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

தம்பி, இதுக்கு மேல் நான் விரிவுரை செய்தால் அது அழகில்லை. ஒன்றே ஒன்று. ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1795இல் எழுதிய அமைதி பற்றிய கட்டுரையில், அந்நியன் ஒரு மண்ணில் வந்திறங்கியதற்காக அவனைப் பகைவனாக நடத்தக் கூடாது, அது அவன் உரிமை, தயவு இல்லை என்கிறார். திருப்பி அனுப்பலாம், ஆனால் அதனால் அவன் அழிந்துபோக மாட்டான் என்றால் மட்டும். வந்து பார்க்கத்தான் உரிமை, தங்க இல்லை. தெரிதா பிடித்துக்கொண்டது இந்த எல்லையைத்தான். ஆனால் படகில் இருக்கிறவனுக்கு அந்தக் குறைந்தபட்சமே பெரிய விஷயம்.

குறிஞ்சாக்கேணித் தாத்தா:

மண்டபம் தம்பி, கிண்ணியாப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க. கிண்ணியாவுக்குப் பெரிய பாலம் போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, அங்கே பழைய மாதிரிப் பாதைப் படகைக் காத்திருக்கத் தேவையில்லை. அன்றைக்கு நான் சமைக்க மாட்டேன், வீட்டுக்காரர் சமைப்பார். அதுதான் நிபந்தனை.

பிளேன்ரீ:

அண்ணை, கடைசியில் என்ன முடிவு? பதிவேட்டில் என்ன எழுதினீர்கள்? அதைச் சொல்லாமல் எல்லோரும் கான்ட் வரை போய்விட்டார்கள்.

உப்புவெளி நாலறை:

ஒன்றும் எழுதவில்லை. அந்தத் திகதிக்கு ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். பொய்ப் பேர் எழுதப் பிடிக்கவில்லை, பக்கத்தைக் கிழிக்கவும் பிடிக்கவில்லை. இனிமேல் நான் இல்லாத நேரம் யாராவது வந்தால் அம்மா சோறு போடட்டும், நான் வந்து காலையில் அடையாள அட்டை கேட்கிறேன் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் போய்விட்டால் போய்விட்டார்கள். பிளேன்ரீ சிரிப்பார், சிரிக்கட்டும். கீழறைக்கு நல்ல பூட்டு ஒன்றும் வாங்கினேன், உள்பக்கம் போடுகிற மாதிரி, தங்குகிறவர்களுக்கு.

தாத்தா கேட்ட கேள்வியை அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். களைப்பாகத்தான் இருந்ததாம், முழங்கால் வேறு நோவாம், வந்தவர்களைப் பார்த்து முகம் ஒன்றும் மலரவில்லையாம். மழையில் பிள்ளை நின்றது, திறந்தேன் என்றார்.

பிறகு நேற்றிரவு சாப்பிடும்போது, பேரே கேட்கவில்லை என்றது சுத்தப் பொய் என்று தெரிந்தது. பெரியாக்களின் பேர் கேட்கவில்லை, பிள்ளையின் பேர் கேட்டாராம். "பேர் சொல்லிக் கூப்பிடாமல் பிள்ளைக்கு எப்பிடியடா சோறு தீத்துறது?"

என்ன பேர் என்று கேட்டேன். பதிவேட்டில் எழுதப் போகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை, சொல்லவும் இல்லை.